பால் பொங்குச்சான்னு ஏன் கேக்குறோம்

குக்கர்ல வெச்சா என்னவா? நல்லாக் கேட்ட போ! அடி சாரு, வருசம் பூரா நீ எதுல வேணாலும் ஆக்கித் தின்னு, நான் வாயத் தொறந்தனா? பொங்கலன்னைக்கு மட்டும் பானைக்கு மூடி போடக்கூடாது, கதவச் சாத்திக்கிட்டுப் பொங்கக்கூடாது. "சும்மா கட்டுக்கதை அப்பத்தா"ங்குற. சிரிக்க வேற செய்யுற. ஒரு மூடியால ஒரு நாடே பட்டினி கெடந்துச்சுடி. அதக் கேட்டுட்டு அப்புறமாச் சிரி.

முன்னொரு காலத்துல, மாடெல்லாம் மனுசங்களோட பேசிக்கிட்டிருந்த காலத்துல, பொன்வயல்னு ஒரு நாடு. வெதச்சா மொளைக்கும், மொளச்சா வெளையும், வெளஞ்சா வீடு நெறையும். அங்க மருக்கொழுந்துன்னு ஒரு பொண்ணு. அவளுக்குன்னு இருந்தது ஒரு அம்மா, ஒரு துண்டு வயலு, ஒரு வெள்ளாடு, ஒத்தக்கொம்பு எருது ஒண்ணு. சுருக்குனு கோவம் வரும் அவளுக்கு, எங்க சின்ன நாத்தனா மாதிரி. அவ ஒருதடவை கல்யாணப் பந்தியில சம்பந்தி எலையில பாயசத்து மேல ரசத்த ஊத்தி... சரி, அத விடு, அது தனிக் கதை.

ஒரு அறுப்புக் காலத்துல கரிமேகன்னு ஒரு மந்திரவாதி அந்த நாட்டுக்கு வந்தான். வீடு வீடாப் போயி, பளபளன்னு ஆளுக்கொரு வெண்கல மூடி குடுத்தான். காசே வேணாமாம்! "ஈ விழுகாது, எறும்பு விழுகாது. மூடு மூடு, முழுசா மூடு"ன்னான். ஓசின்னா நம்ம சனம் விடுமா? வாங்கி மூடுச்சு.

மூடித் தொறந்தா, பானையில பாதிச் சோறு மாயம்! மறுபடி மூடித் தொறந்தா முக்காவாசி மாயம்! அத்தனையும் அவன் மலைமேல கட்டி வெச்சிருந்த தானியக் குதிருக்குப் போயிருச்சு. சனம் பதறிப்போயி அவன்கிட்டயே ஓடுச்சு, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். அந்தப் படுபாவி ஒவ்வொருத்தர் காதுலயும் ஒரே பேச்சத்தான் ஓதுனான். "ஊர்ல எல்லார் வீட்லயும் பொங்கி வழியுது. உன் வீட்டுலதான் தரித்திரம். மூடிய எடுத்தா இருக்குறதும் போயிரும். வெளிய சொன்னா வாய் ஊமையாயிரும். மூடு மூடு, முழுசா மூடு."

அம்புட்டுத்தான். ஊரே கதவச் சாத்திக்கிச்சு. வீதியில ஒருத்தர ஒருத்தர் பாத்தா, "பால் பொங்குச்சா?"ம்பாங்க. "பொங்கி வழிஞ்சுது!"ம்பாங்க. பொய்யி. அத்தனையும் பொய்யி! நெனச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மருக்கொழுந்தோட அம்மாவும் அதே ரகந்தான். இருக்குற சோத்த மகளுக்குப் போட்டுட்டு, "நான் அப்பவே சாப்ட்டேன்"னு எந்திரிச்சுப் போயிரும். ஒருநாள் பானைய எறக்கயில அப்படியே சரிஞ்சு விழுந்துருச்சு. தூக்குனா கோழியெறகு கனம். பானைக்குள்ள எட்டிப் பாத்தா ஒத்தப் பருக்கை.

"சாப்ட்டேன்னியேம்மா?"

"பொங்கி வழிஞ்சுதுடி"ன்னுச்சு அம்மா, கண்ணத் தொறக்காமயே.

கிண்ணத்த எடுத்துக்கிட்டு ஓடுனா மருக்கொழுந்து. மொத வீடு வண்ணக்கிளி அத்தை வீடு. "அத்தை, ஒரு பிடி சோறு குடுங்க, அம்மா மயங்கிருச்சு. உங்க வீட்ல பால் பொங்குச்சா?"

"பொங்கி வழிஞ்சுது கண்ணு! இப்பத்தான் வழிச்சுத் தின்னு முடிச்சோம்." படார்னு கதவு.

ரெண்டாவது சோலையப்ப மாமா வீடு. "பொங்கி வழிஞ்சுது!"ன்னு ஏப்பம் விட்டாரு. வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு, ஏப்பத்துக்குக் கொறச்சலில்ல! படார்.

மூணாவது ஊர்த்தலைவர் வீடு. மீசையில நெய்யி மினுமினுங்குது. "பொங்கி வழிஞ்சுது, போ போ." படார்.

மாட்டுக் கொட்டாய்க்குத் திரும்பி வந்து எருதுகிட்டக் கத்துனா. "பாத்தியா! சோத்த வெச்சுக்கிட்டு ஒரு பிடி குடுக்கல, நாசமாப் போறவங்க!"

எருது அசை போட்டுக்கிட்டே சொல்லுச்சு: "வெய்யாத. அவங்ககிட்ட இருந்தாத்தானே குடுக்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"கதவு பொய் சொல்லும், கழுநீர்த்தொட்டி சொல்லுமா? அரிசி களைஞ்ச தண்ணிய எனக்குத்தான ஊத்துவாங்க. அத்தை வீட்டுத் தொட்டி காஞ்சிருக்கு, மாமா வீட்டுத் தொட்டி காஞ்சிருக்கு, தலைவர் வீட்டுத் தொட்டியும் காஞ்சு கெடக்கு. அந்த மீசையில இருக்குறது நெய்யில்ல, வெளக்கெண்ண. நாத்தம் தாங்கல."

அப்ப வந்துச்சு பாரு அவளுக்கு, அந்தக் கரிமேகன் மேல, நெசமான கோவம்!

"வெளிய சொன்னா வாய் போயிரும்டி"ன்னுச்சு எருது.

"எங்கம்மா போறதுக்கு என் வாய் போகட்டும்!"

வெண்கல மூடியச் சாக்கடையில வீசுனா. மூடி படாத புதுப்பானை ஒண்ணு எடுத்தா. பட்டப்பகல்ல, நடு வீதியில, சூரியன் பாக்க மூணு கல்லு வெச்சா. கடைசி ஆட்டுப்பால ஊத்தித் தீய மூட்டுனா. வெதைக்கு வெச்சிருந்த நெல்லக் குத்தி அரிசியப் போட்டா. தொண்டை கிழியக் கத்துனா:

"எங்க வீட்ல சோறு இல்ல!" பாதிக் கொரல் போச்சு.

"எங்கம்மா பசியில சாகுது!" மீதிக் கொரலும் போச்சு.

மூணாவதா வாயத் தொறந்தா, வெறும் காத்து.

வந்துட்டான் கரிமேகன், வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு மூடியத் தூக்கிக்கிட்டு. "மூடு மூடு, முழுசா மூடு!" அவ நகரல. கொதிக்கிற பானை வாய்க்கு மேல ரெண்டு கையையும் குறுக்க நீட்டி மறிச்சா. கை வேகுது, கத்தக்கூட வாயில்ல. அத்தனை சனமும் கதவுச் சந்துல நின்னு வேடிக்க பாக்குது! நான் மட்டும் அங்க இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பேன்.

கடைசியில ஒரு கதவு தொறந்துச்சு. வண்ணக்கிளி அத்தை. "எங்க வீட்லயும் இல்லடா!" அவ வீட்டு மூடி படீர்னு வெடிச்சுது. "எங்க வீட்லயும் இல்ல!"ன்னாரு மாமா. படீர்! தலைவர் மீசையத் தொடச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. "எங்க வீட்டு அடுப்புல பூனை தூங்குதுடா!" படீர்!

ஒத்த வாயக் கட்டுன மந்திரம் ஒரு வீதி வாயக் கட்டுமா? வெடிச்ச மூடியெல்லாம் பறந்து போயி அவன் மேலயே குமிஞ்சுது. எடுத்துப் பாத்தா ஆளக் காணோம், ஒரு பிடி கரிதான் கெடக்கு. பானைக்கடியில ஒட்டுதே, தேய்க்கத் தேய்க்கப் போகாம, அவன்தான் அது. மலையில குதிரு ஒடஞ்சு அரிசி அருவியாக் கொட்டுச்சு. இங்க பால் நொரை கட்டி ஏறி, விளிம்பத் தாண்டுச்சு. மருக்கொழுந்துக்குத் தொண்டை தொறந்துச்சு. "பொங்கலோ பொங்கல்!" ஒருத்தி கொரல் தனியாக் கேக்கக்கூடாதுன்னு ஊரே சேந்து கத்துச்சு. மொத அகப்பை அம்மா வாய்க்கு. அம்மா கண்ணு முழிச்சுது. உண்மையச் சொன்ன எருதுக்கு மறுநாள் தனிப் பொங்கலு, கொம்புக்கு வர்ணம்.

பால் பொங்குச்சான்னு கேக்குறது உபசாரத்துக்கு இல்லடி. இல்லன்னு சொன்னா நம்ம பானையில இருந்து அள்ளிக் குடுக்க! எதிர்வீட்டுப் பொண்ணு லிஃப்ட்ல பாக்குறப்பெல்லாம் "நல்லாருக்கேன் பாட்டி"ங்குறாளே, மொகத்தப் பாத்தியா? நீயும் "சரி"ன்னுட்டு ஃபோன நோண்டுற. நாளைக்கு அவ வீட்டு வாசல்ல போயி நின்னு நான் கேக்கத்தான் போறேன். காரிடார்ல அடுப்பு வெக்கக்கூடாதுன்னா கீழ கார் நிறுத்துற எடத்துல வெக்கிறேன். செக்ரட்டரி வரட்டும், அவனுக்கும் ஒரு கிண்ணம்.

ஏ பேராண்டி ராசு! கார் டிக்கியில புதுப்பானை கெடக்கு, உள்ள எடுத்துட்டு வா, மஞ்சக்கொத்து கட்டணும். கடைக்காரன் ஓசியா ஒரு மூடி குடுத்தான்ல? அதக் கொண்டுபோயி அவன்கிட்டயே விட்டெறி!