மனிதக் கை படாத பாயசம்

எழுமலைக் கோட்டை மலையுச்சியில் இருந்தது. அதை ஆண்ட கோமளராயருக்கு மலையை விட உயரமான ஆசைகள்.

கோட்டைக்கு வேண்டிய அரிசி, உப்பு, வெல்லம் எல்லாம் அடிவாரக் களஞ்சியத்திலிருந்து மேலே வர வேண்டும். முத்திருளாயி என்ற பெண்ணின் தலைமையில் நாற்பது சுமையாட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். மந்திரி திருமேனிநாதருக்கு அது நாகரிகமாகப் படவில்லை. ஓர் இயந்திரம் செய்தார். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றும், கயிறு ஓடும். கூடை தானாக நிரம்பும், தானாக மேலே வரும், தானாகக் கவிழும்.

முதல் கூடை வந்ததும் அரசர் குதித்த குதியில் கிரீடம் கழன்று அரிசிக்குள் விழுந்தது.

"பார்த்தீர்களா, மனிதக் கையே படவில்லை!" என்றார் மந்திரி.

"இனிமேலும் படக்கூடாது! மேலே வரும் சரக்கை மனிதக் கை தொட்டால் சிறை. கயிற்றைத் தொட்டாலும் சிறை. சுமையாட்களை வீட்டுக்கு அனுப்புங்கள்!" என்றார் அரசர்.

அவையில் நல்லப்பன் என்று ஒருவன் இருந்தான். வாய் சும்மா இருக்காது. "கயிறு சிக்கிக்கொண்டால், அரசே?"

"சிக்காது" என்றார் மந்திரி.

பதினோரு நாள் சிக்கவில்லை. சமையல்காரர்தான் பாவம், அரிசியை இரண்டு கரண்டிகளால் கழுவினார். பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது. கயிறு ஊறிப் பருத்துக் கப்பியில் இறுகிவிட்டது. ஏழு கூடைகள் நடுவானில் தொங்கின. வெல்லக் கூடையில் குரங்குகள் பந்தி போட்டு உட்கார்ந்தன.

முத்திருளாயி ஓடி வந்தாள். "கயித்தை எடுத்து விடுறோம், இல்லேன்னா மூட்டையைத் தூக்கிட்டு வர்றோம்!" என்றாள். "இரண்டுக்கும் சிறை" என்று காவலர்கள் அவளை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

மூன்று நாளில் கோட்டையே பட்டினி. மிச்சமிருந்தது அரைப்படி அரிசி, ஓர் அச்சு வெல்லம். சமையல்காரர் பாயசம் வைத்துக் கிண்ணம் நிறைய ஊற்றி அரசர் முன் வைத்தார். பசியோடிருந்த அரசர் கையை நீட்டினார்.

"காவலர்களே! அரசரைப் பிடியுங்கள்!" என்று கத்தினான் நல்லப்பன்.

அரசர் சீறினார். "என்ன உளறுகிறாய்?"

"சரக்கின் மேல் கை படப்போகிறதே, அரசே."

"பதினோரு நாளும் இப்படித்தானே சாப்பிட்டேன்?"

"அதற்கும் சேர்த்துத்தான் சிறை."

"டேய், இது என் கை!"

"அங்கேதான் எனக்குச் சந்தேகம். மந்திரியாரே, அரசருடைய கை மனிதக் கையா, இல்லையா?"

மந்திரி கணக்குப் போட்டார். ஆம் என்றால் அரசருக்குச் சிறை. இல்லை என்றால் பிறகு அது என்ன கை? "அது... அது தெய்வக் கை!" என்றார்.

அரசர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்படியா!" என்றான் நல்லப்பன். கிண்ணத்தை எடுத்து அரசர் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினான். "நைவேத்தியம் ஆயிற்று" என்று சொல்லி அதைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டான்.

"ஐயோ! என் கை மனிதக் கைதான்! நான் மனிதன்தான்! உத்தரவை ரத்து செய்தேன்!" என்று அலறிய அரசர், தன் அலறலைக் கேட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். "முத்திருளாயியைக் கூப்பிடுங்கள். அந்த இயந்திரத்தை உடைத்துப் போடட்டும்!"

உள்ளே வந்த முத்திருளாயி கும்பிட்டாள். "உடைக்க வேணாம் சாமி. மூட்டையைக் கயிறே தூக்கட்டும், எங்க கழுத்தும் பிழைக்கும். அது முரண்டு பிடிச்சா அவிழ்த்து விடவும், அறுந்து போனா மலையேறவும் நாங்க இருக்கோம்."

"அப்படியே ஆகட்டும்! இனி கயிற்றுக்கும் பாதைக்கும் நீதான் தலைவி. மந்திரியார் உன்னிடம் கேட்டுத்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நல்லப்பா, முதலில் வரும் வெல்லக் கூடை உனக்கு. இப்போது என் பாயசத்தைக் கொண்டு வா!"

பின்வரிசையில் எல்லோரும் அவசரமாக மீசையைத் துடைத்தார்கள். நல்லப்பன் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

"நீங்கள் தெய்வமாக இருந்தபோதே பிரசாதம் தீர்ந்துவிட்டது, அரசே!"