பெரியவன் அனுப்பிய போன்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவரை ஊரில் ஸ்டுடியோ சாமி என்பார்கள். காவி கட்டுவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துப் பிழைத்தவர். வயசு நாற்பதைத் தொட்டிருக்கும். அவரிடம் பாடம் கேட்க வந்த உலகநாதனுக்கோ ஐம்பத்தாறு. சீடனைவிடக் குரு சின்னவர் என்று ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, எதற்கும் சிரிக்கும்.

அம்மா செத்து இரண்டு மாசம் ஆகியும் உலகநாதனுக்கு மனசு ஆறவில்லை. ஒரு காலையில் வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி. சாகிறவங்க கண்ணு கடைசியா யார்மேல நிக்குதோ, அவங்க நினைப்போடதானே உசிரு போகும்?"

"யாரு கண்ணு? யார்மேல நின்னுது?"

சுற்றி வளைக்க விடமாட்டார் சாமி. உலகநாதன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தரையில் வைத்தார்.

அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தாள். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. புரட்டிப் போட்டது, துடைத்துவிட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் சின்னவர் உலகநாதன்தான். அவர் அண்ணன், பெரியவர், மஸ்கட்டில் வேலை. போன வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் ஒரு போன் கொடுத்தனுப்பினார். பாட்டுக் கேட்கலாம், வீடியோப் படம் எடுக்கலாம்; முகம் பார்த்துப் பேசுகிற வசதியெல்லாம் அப்போது வரவில்லை. அதுவரை உலகநாதன் கையில் இருந்தது ரப்பர் பேண்டு போட்ட பழைய போன். பேசலாம், டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான். புதுப் போனை பஸ் ஸ்டாண்டுக் கடையில் கொடுத்து, இருநூறு பழைய பாட்டு ஏற்றி வந்து, அம்மாவின் தலையணை ஓரத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மாவுக்கு ஒரே பேச்சு. "பெரியவன் அனுப்புன போனு. பாட்டெல்லாம் பாடுது." பாட்டு ஏற்றியது யார், சார்ஜ் போடுவது யார் என்று ஒரு வார்த்தை வராது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. உலகநாதனுக்கு வயிறு எரிந்தது. பெற்ற தாயை நினைத்து இப்படி எரியலாமா என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

"கடைசியில என்ன ஆச்சு?" என்றார் சாமி.

"மூணு நாள் இழுத்துக்கிட்டே கிடந்தா. பெரியவனைப் பாக்காம இந்த உசிரு போகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணனுக்கு லீவு கிடைக்கலை. அம்மாவை வீடியோப் படமாச்சும் எடுத்து வைடான்னு போன்ல அழுதான்."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் பிரியாமல் கிடந்தால், அவர்கள் தேடுகிற ஆள் வந்துவிட்டதாகக் காதில் சொல்லிப் பால் ஊற்றுவார்கள். பொய்தான். ஆனால் அதைப் பாவத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

"நான்தான் சொன்னேன் சாமி. வலது கையில பால் சங்கு, இடது கையில படம் எடுக்கிற போனு. 'அண்ணன் வந்திருக்கான்மா, பாரு'ன்னேன். கண்ணைத் தொறந்தா."

"அப்புறம்?"

"முகம் படத்தைவிட்டு விலகிடக் கூடாதேன்னு நான் திரையையே பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மடக்கு இறங்குச்சு. மூணாவது கடைவாயில வழிஞ்சிடுச்சு. அவ்வளவுதான்."

அந்தப் படம் மெமரி கார்டில் ஏறி, மஸ்கட் போகிற ஓர் ஆளோடு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டு அவர் போனிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். 'அம்மா என்னைப் பாத்துக்கிட்டேதான்டா போயிருக்கா' என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு வருஷம் பக்கத்திலேயே கிடந்தவனை அம்மா போகிற நேரத்தில்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் நெஞ்சை அரித்தது.

"அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா?" என்றார் சாமி.

"இல்லை சாமி. எடுத்ததோட சரி."

"கொடுங்க."

சாமி படத்தை ஓடவிட்டார். மின்விசிறிச் சத்தம், சங்கு பல்லில் தட்டுகிற சத்தம், 'அண்ணன் வந்திருக்கான்மா' என்கிற குரல். உலகநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு போனை அவர் கையில் திணித்தார்.

"அம்மாவை எடுத்த மாதிரியே புடிச்சுக்கிட்டு, என்னை ரெண்டு படம் எடுங்க."

உலகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. குரு சொன்னால் செய்ய வேண்டியதுதானே. எடுத்தார்.

"ஒண்ணுல நான் போனைப் பாத்தேன். இன்னொண்ணுல உங்க முகத்தைப் பாத்தேன். எது எதுன்னு சொல்லுங்க."

முதல் படத்தில் சாமியின் கண் நேரே வந்து விழுந்தது. இரண்டாவதில் பார்வை கொஞ்சம் மேலே ஏறிப் போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஸ்டுடியோ அனுபவம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"இது போனு. இது நான்."

"இப்போ அம்மாவைப் பாருங்க."

உலகநாதன் ஓடவிட்டார். அம்மா கண்ணைத் திறந்த இடத்தில் நிறுத்தினார். கண் நேரே பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே பார்த்தது. மறுபடி ஓடவிட்டார். கடைசிவரை அது அங்கிருந்து இறங்கவே இல்லை.

"அண்ணன் வந்திருக்கான்னு சொன்னேனே சாமி. அப்பவும் என்னைத்தானே பாத்திருக்கா."

சாமி தலையை ஆட்டினார்.

உலகநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் அது கிடந்த இடம் சும்மா இருக்கவில்லை. கண்ணைத் துடைத்த கையோடு அண்ணன் நம்பரை அழுத்தினார்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றார் சாமி.

"அம்மா கடைசியா பாத்தது உன்னை இல்லை, என்னைத்தான்னு."

அந்தப் பக்கம் மணி அடித்தது.

"சொல்லுங்க. அப்போ நீ அம்மாவைப் பாத்தியாடான்னு அவர் கேப்பாரு. அதுக்கும் ஒரு பதிலை வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"தம்பி? சொல்லுடா," என்றது அண்ணனின் குரல்.

அம்மாவின் கண் தன்மேல் நின்ற நேரமெல்லாம் தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது உலகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டார்.