கழுத்து தீய்ந்த கிராங்க்

சந்தியாகுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு லூர்தையாவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. நரைத்த மனுஷன் சின்னவனிடம் என்ஜின் வேலை படிக்கிறானே என்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகமே சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சந்தியாகு காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருஷமாக ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஆறே நாள். தொபியாசின் விசைப்படகில் என்ஜினைச் சுழற்றும் கிராங்க் தண்டு ஒடிந்து கிடந்தது. புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

குருவும் சீடரும் பழைய சாமான் கடைக்குப் போனார்கள்.

"போல்ட்டு, பேரிங்கு எல்லாம் புதுசு வாங்கிட்டீக. கிராங்க் மட்டும் பழசாத்தான் கிடைக்கும். நல்லதுன்னு எதை வச்சு முடிவு பண்ணுதீக மிஸ்திரி?" என்று சந்தியாகு கேட்டார்.

லூர்தையா நேரே உள்ளே போனார். கடையில் இரண்டு கிராங்க் இருந்தன. ஒன்று பளபளவென்று மின்னியது.

"இதை ஏன் கழட்டுனாங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"அது யாருக்குத் தெரியும் மிஸ்திரி? பாருங்க, முகமே பார்க்கலாம்!"

லூர்தையா அதைத் தொடக்கூட இல்லை.

"அந்தா கிடக்கே, அது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்ககிட்ட மறைப்பானேன்? எண்ணெய் வத்தி, பேரிங்கு உட்காருற மூணாவது கழுத்து தீஞ்சு போச்சு. கடைசல் பிடிச்சு வச்சிருக்கேன்."

லூர்தையா குத்தவைத்து உட்கார்ந்தார். அந்தக் கழுத்தை மட்டும் அரைமணி நேரம் அளந்தார். சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தார். பிறகு, "வண்டியில ஏத்துங்க" என்றார்.

சந்தியாகுவுக்கு மனசு ஒப்பவில்லை. கெட்டது என்று தெரிந்தே வாங்குகிறாரே!

படகில் தொபியாஸ் காத்திருந்தார். சந்தியாகு என்ஜின் அறைக்குள் இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது, இந்த ஆளா கை வைக்கப் போறாரு? ரெண்டு வருஷத்துக்கு முந்தி, தானே மிஸ்திரின்னு சொல்லி இவர் பூட்டுன என்ஜின் நடுக்கடல்ல நின்னு, என் தம்பி மூணு நாள் குடிக்கத் தண்ணியில்லாம மிதந்தான். இந்தப் படகுல ஏழு பேரு கடலுக்குப் போறாங்க லூர்தையா. வேற புது ஆளாக் கூட்டிட்டு வாரும்."

பொய் என்றால் சண்டை போடலாம். அத்தனையும் உண்மை. சந்தியாகு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் கரையில நிக்கேன் மிஸ்திரி."

"போகாதீங்கண்ணே." லூர்தையா தொபியாஸ் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கடையில ரெண்டு கிராங்க் பார்த்தோம். எந்த இடத்துல கெட்டதுன்னு தெரிஞ்சதை வாங்கிட்டு வந்திருக்கேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா?"

"வேலை கேட்டு வந்த அன்னைக்கு, உட்காருறதுக்கு முன்னாலேயே, எந்த போல்ட்டை முறுக்காம விட்டேன்னு இவராவே என்கிட்டச் சொன்னாரு."

தொபியாஸ் என்ஜின் அறை வாசலை விட்டு விலகி நின்றார்.

லூர்தையா குனிந்து ஸ்பேனரை எடுத்து, சந்தியாகுவின் கையில் வைத்தார்.

"அந்த போல்ட்டுல இருந்தே ஆரம்பிங்கண்ணே."