குட்டை நூல்

புதன்கிழமை வந்தாலே ஜெபசிங்குக்கு எரிச்சல்தான். அறுத்தெடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்கிற டாக்டர் அவர். புதன் மதியம் எல்லாத் துறை டாக்டர்களும் கூடும் புற்றுநோய் மீட்டிங். அதற்காகப் பார்த்த ஸ்லைடையே மறுபடி பார்க்க இரண்டு மணி நேரம், போய் உட்கார ஒரு மணி நேரம். அதற்குள் மேசையில் புது ஸ்லைடு குவிந்துவிடும்.

அன்று துறைத்தலைவி செண்பகவல்லியிடம் கேட்டே விட்டார்.

“எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு மேடம். படிச்சுக்கட்டும். நான் எதுக்கு?”

“இன்னைக்கு எத்தனை பேரு?”

“பதினாலு.”

“பரமேஸ்வரிக்கு மட்டும் வாங்க. சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.”

பரமேஸ்வரியின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. எது எந்தப் பக்கம் என்று தெரிய, வெட்டியவர் அதில் இரண்டு நூல் கட்டி அனுப்புவார். தோள் பக்கம் குட்டை நூல், அக்குள் பக்கம் நீள நூல். அதுதான் இங்கே வழக்கம். தோள் பக்கம் நோய் மிச்சம் இருப்பதாக ஜெபசிங் எழுதியிருந்தார். மீட்டிங்கில் அதையே சொன்னார்.

“தோள் பக்கம்தானே? வெள்ளிக்கிழமை திறந்து எடுத்துடறேன்” என்றார் காஜா. போன மாதம் சேர்ந்த அறுவை டாக்டர்; அந்தக் கட்டியை வெட்டியவர் அவர்தான்.

ஜெபசிங் அதற்குள் எழுந்துவிட்டார். “கொஞ்சம் எடுத்தா போதும் சார். குட்டை நூலை ஒட்டித்தான் இருக்கு.”

“குட்டை நூலா?” காஜாவின் கை தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கியது. “அதை நான் இந்தப் பக்கம்தானே கட்டுவேன். பழைய ஆஸ்பத்திரியில அப்படித்தான் பழக்கம்.”

ஜெபசிங் திரும்பி வந்து உட்கார்ந்தார். பதினாலாவது ஆள் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது மணி நாலரை. மேசை நிறைந்து கிடந்தது.

“வேலை கூடித்தான் போச்சு மேடம். காஜா சார் அனுப்புன மத்த அஞ்சையும் திரும்பப் பாக்கணும்.”

“ஆமா, கூடிடுச்சு.” செண்பகவல்லி பாதி ஸ்லைடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “டீ ஆறுது, குடிங்க.”

ஜெபசிங் குடித்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

“பரமேஸ்வரி ரிப்போர்ட்லதான் வில்லங்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

செண்பகவல்லி மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கு என்ன தெரியும்? லிஸ்ட்ல முதல் பேரு அது.”