மூலைக்கு மூலை ஒரு கயிறு

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது. சும்மா பேச்சில்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேச்சு. அதனால்தான் வீடு கட்ட முளையடித்துக் கயிறு கட்டியதும், மண்ணை வெட்டும் முன்னே பல்லியைக் கூப்பிடுவார்கள். பல்லி நாலு பக்கமும் கயிற்றின் மேல் ஓடும். பிறகு மூலைக்கு மூலை, குறுக்கே இரண்டு முறை தரையில் ஓடும். ஓடி முடித்து, "இது சதுரம்", "இது செவ்வகம்" என்று சொன்னால்தான் கொத்தனார் மண்வெட்டியைத் தொடுவார். "இது சரிவகம்யா. ஒரு ஜோடிப் பக்கம்தான் இணையாப் போகுது, மாட்டுக் கொட்டகைக்கு வேணா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டால், முனகிக்கொண்டே முளையைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். கூலி என்ன? கூரைக்குக் கீழே சுவரில் ஒரு பொந்து. முட்டையிட அது போதும்.

வெள்ளையம்மா என்றொரு பல்லி. அந்த வருஷம் மழை திரண்டு நின்றபோது அவள் வயிற்றில் இரண்டு முட்டை. குருந்தன் என்ற கொத்தனார் தனக்கே ஒரு வீடு கட்ட முளையடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே போய் நின்றாள். கூப்பிடாத இடத்துக்குப் போகிறவள் இல்லை அவள். ஆனால் வயிறு கேட்கவில்லையே.

குருந்தன் புதிதாக ஒரு முழக்கோல் செய்து வைத்திருந்தான். அது கைக்கு வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது முளை அடிக்கும்போது கீழே பாறை இடித்தது. தோண்டிப் பாறையை எடுக்கச் சோம்பல். முளையை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி அடித்தான். அதற்கு ஈடாக நாலாவது முளையையும் அதே பக்கம் ஒரு சாண் தள்ளினான். கோலை வைத்துப் பார்த்தான். நாலு பக்கமும் ஒன்பது முழம். மீசையைத் தடவிக்கொண்டான்.

எல்லாவற்றையும் வெள்ளையம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கொத்தனாரே, இது சதுரம் இல்லை."

"நாலு பக்கமும் ஒன்பது முழம். கண்ணு தெரியலையா?"

"பக்கம் சமமா இருந்தா சதுரமாயிடுமா? சாய்சதுரத்துக்கும் நாலு பக்கம் சமம்தான். மூலையைப் பாரு, ஒண்ணு விரிஞ்சு கிடக்கு, ஒண்ணு ஒடுங்கிக் கிடக்கு. மூலைக்கு மூலை கயிறு பிடி. ரெண்டும் ஒண்ணா வந்தா நான் பேசாமப் போயிடறேன்."

குருந்தன் சிரித்தான். "குறுக்கே சுவரா வரப்போகுது? காத்தை அளக்கச் சொல்றியா?"

அந்தச் சிரிப்பில் வெள்ளையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுவர் வராத இடத்துலதான்யா உன் தப்பு படுத்திருக்கு! பாறையைத் தோண்ட வலிக்குதுன்னு முளையை நகர்த்தினதை நான் பார்க்கலைன்னு நினைச்சியா?"

சோம்பேறியைச் சோம்பேறி என்று சொன்னால் பொறுப்பானா? பக்கத்தில் குழைத்து வைத்திருந்த சுண்ணாம்புச் சாந்தை ஒரு கை அள்ளினான். "இனிமே பேசு பார்ப்போம்" என்று அவள் வாயில் அப்பினான்.

வாய் வெந்தது. கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சாந்தை எடுத்துவிட்டாள், பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. கத்த நினைத்தால் "ச்சு, ச்சு" என்று நாக்கு அடித்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னதற்கு இதுவா கூலி? பாவி, அவன் கை விளங்குமா?

சுவர் எழுந்தது. மழையும் வந்துவிட்டது. வேறு போக்கிடம் இல்லாமல், கோணல் என்று தெரிந்தே அந்தச் சுவரின் மூலைப் பொந்தில் வெள்ளையம்மா முட்டையிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இட்டாள்.

மறுநாள் கூரைச் சட்டம் வந்தது. தச்சன் தரையில் வைத்து ஒழுங்காகச் செய்த சட்டம், அசல் சதுரம். தூக்கி வைத்தால் உட்கார மாட்டேன் என்றது. ஒரு மூலையில் சட்டம் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு மூலையில் சுவர் ஒரு சாண் நீண்டு கிடந்தது.

"இறக்கிப்புடலாம்யா. சட்டத்துல தப்பில்லை" என்றான் தச்சன்.

"ஒரு சாண்தானே, தட்டினா உக்காந்துரும்" என்றான் குருந்தன். சுவர் மேல் ஏறி நின்று சம்மட்டியால் அடித்தான். ஒரே அடி. ஈரச் சுவர் மூலையோடு பிளந்து சரிந்தது. அவனும் சேற்றில் விழுந்தான். விழுந்தவன் கண்ணெதிரே, பிளந்த பொந்திலிருந்து இரண்டு முட்டைகள் உருண்டு வந்து கல்லில் பட்டு உடைந்தன.

வெள்ளையம்மா உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னவெல்லாம் சொல்ல இருந்தது அவளுக்கு! வாயைத் திறந்தாள். "ச்சு, ச்சு, ச்சு."

குருந்தன் கையெடுத்துக் கும்பிட்டான். "தெரியாமச் செஞ்சுட்டேன், தாயி."

தெரியாமலா? அவள் சொன்ன பிறகும்தானே செய்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் மிச்சச் சுவரையும் இடித்தான். பாறையைத் தோண்டி எடுத்தான். முளையடித்துவிட்டு, "ஒரு தடவை ஓடிப் பாரு, தாயி" என்று கெஞ்சினான். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் தானே கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை பிடித்தான். ஒன்று பதின்மூன்று முழம், மற்றது பன்னிரண்டரை. "ச்சு, ச்சு" என்றாள் வெள்ளையம்மா. முளையைச் சற்று நகர்த்திப் பிடித்தான். "ச்சு" என்றாள். பொழுது சாய்கிறவரை நகர்த்தி நகர்த்திப் பிடித்தான். இரண்டும் ஒரே நீளமாக வந்தபோதுதான் அவள் வாயை மூடினாள். அது மன்னிப்பு இல்லை. வேலை சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று முதல்தான் கொத்தனார்கள் நாலு பக்கத்தை அளந்ததோடு நிற்காமல், சுவரே வராத இடத்தில் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கிறார்கள். அன்று முதல்தான் பல்லியும் நம் வீட்டுச் சுவர் மூலையில் உட்கார்ந்து, கோபம் ஆறாமல் உச்சுக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நாமோ கொஞ்சமும் வெட்கமில்லாமல் அதற்குப் பலன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.