தோற்க வேண்டிய ஆட்டம்

“மாஸ்டர், ஜெயிக்க நீங்க சொல்லிக்கொடுத்தீங்க. தோக்கிறதுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?”

தவசிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

வயது அறுபதைத் தாண்டியவர். ரயிலடி கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். அவருக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் குலசேகரன் மாஸ்டர்.

மாஸ்டருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. மைதானத்தை ஒட்டிய வீடு. பந்து தரையில் படும் சத்தத்தை வைத்தே ஆடுவது யாரென்று சொல்லிவிடுவார்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வா. யார்கிட்டத் தோக்கணும்?”

“கீழவாசல் டீம்கிட்ட. இன்னைக்குச் சாயங்காலம்.”

“ராயப்பன் டீமா?”

“அவன் டீம்தான்,” என்றார் தவசிமுத்து. அந்தப் பெயர் அவர் வாயில் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் கீழவாசல் பயிற்சியாளர் ராயப்பனும் ஆட்களை மாற்றிக்கொண்டார்கள். தவசிமுத்து தன்னிடம் இருந்த நல்ல ஆட்டக்காரனைக் கொடுத்தார். பதிலுக்கு வந்தவனுக்கு முழங்கால் பழுது. மூன்றாவது ஆட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ராயப்பனுக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும், கைகொடுக்கும்போது சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத் தவசிமுத்து மறக்கவில்லை. ராயப்பன் டீ குடிக்கும் கடையில் அவர் டீ குடிப்பதில்லை. அவன் வரும் தெருவில் வருவதில்லை. ஆட்டம் நடக்கும்போதும் எதிர்ப் பெஞ்சைப் பார்ப்பதில்லை.

“அவன்கிட்டப் போய் நீயே தோக்கணும்கிறே?”

“ஒச்சப்பனுக்காக, மாஸ்டர்.”

அது மாஸ்டருக்கும் தெரிந்த பெயர்தான். மலையடிவாரத்திலிருந்து வந்திருக்கும் புது ஆட்டக்காரன். ஆறடி எட்டங்குலம். குதிக்காமலே வளையத்தைத் தொடுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

லீக்கில் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வருஷம் கடைசியாக வரும் அணிதான் புதியவர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். ரயிலடியும் கீழவாசலும் சமமாகக் கடைசியில் கிடந்தன. இன்றைக்குத் தோற்பவருக்கு ஒச்சப்பன்.

“பசங்ககிட்டச் சொல்லிட்டியா?”

“நேத்தே சொல்லிட்டேன். தலையை ஆட்டுறானுக. பந்து கைக்கு வந்ததும் வளையத்துல போட்டுர்றானுக. பழக்கம் விட மாட்டேங்குது.”

“யாரு பழக்கிவிட்டது?”

“நான்தான்.”



“சரி, ஒச்சப்பன் வந்துட்டான்னு வையி. அவனுக்குப் பந்தைக் கொடுக்கிறது யாரு? கேப்டன் ஜெயசீலனா?”

“கேப்டனை மேட்டுத்தெரு டீமுக்கு மாத்தி விடப்போறேன். பதிலுக்கு, அடுத்த வருஷம் அவங்க எடுக்கவேண்டிய புது ஆளை நம்ம எடுத்துக்கலாம்.”

“மத்தவங்க?”

“எல்லாரையும் மாத்தணும். அடியிலேர்ந்து கட்டினாத்தான் உண்டு.”

“அப்ப பந்தைக் கொடுக்கிறது யாரு?”

“வருவாங்க, மாஸ்டர்.”

“யாரு?”

“இனிமே வர்றவங்க.”

“நல்ல டீம்தான். இன்னும் பொறக்கலை, அவ்வளவுதான்.”

தவசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. “கிண்டல் பண்ணாதீங்க. போன வருஷம் வரைக்கும் எட்டு வருஷமா நாலாவது, அஞ்சாவதுன்னே கிடந்தோம். நல்லா ஆடி என்ன கண்டோம்? ஒரு வருஷம் கீழே போனாத்தானே மேலே வர வழி கிடைக்கும்? இதுல என்ன தப்பு?”

“தப்புன்னு நான் சொன்னேனா?”

சொல்லவில்லைதான்.

“சாயங்காலம் நானும் வர்றேன்,” என்றார் மாஸ்டர். “தூரத்து வளையம் எனக்குத் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து நீ ஆட்டத்தைச் சொல்லு.”

“நான் பெஞ்சுல இருக்கணுமே.”

“தோக்கிறதுக்குக் கோச் எதுக்கு?”

சாயங்காலம் கூட்டம் நிறைய. ஒச்சப்பனும் வந்திருந்தான். அவன் உட்கார்ந்ததும் பின்னால் இருந்தவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள்.

மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தவசிமுத்து.

நடுவர் விசில் ஊதினார்.

“சொல்லு.”

“நம்ம பையன் பந்தைத் தட்டிக்கிட்டுப் போறான்.”

“போறானா, நடக்கிறானா?”

“நடக்கிறான்.”

“எதிராளி?”

தவசிமுத்து உற்றுப் பார்த்தார். “அவனும் ஒதுங்கி வழி விடுறான், மாஸ்டர்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீழவாசல்காரனுக்கும் ஒச்சப்பன் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. இருபத்து நான்கு நொடிக்குள் பந்தை எறிந்தே ஆகவேண்டும். எறிந்தார்கள். வளையத்தைத் தவிர எல்லா இடத்திலும் பட்டது. தப்பித்தவறி அவ்வப்போது ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. போட்டவன் தலையில் கைவைத்துக்கொண்டான். கீழவாசல்காரன் ஒருவன் தன் கூடையிலேயே பந்தைப் போட்டான். நடுவர் விசிலடித்தார். வேண்டுமென்றே போட்டால் கணக்கில் வராது என்று சட்டம் இருக்கிறதாம்.

“யோவ், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடக்காதீங்கய்யா!” என்று யாரோ கத்தினார்கள்.

“பந்து சுடுதாடா? துணி வச்சுப் பிடி!”

கூட்டம் சிரித்தது. தவசிமுத்து சிரிக்கவில்லை. மாஸ்டர் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு ஜோடி ஷூ மட்டும் ஓடுதே. யாரு அது?”

“அழகுமலை.”

“யாரு அழகுமலை?”

“நம்ம டீம்தான். இந்த வருஷம் இன்னைக்குத்தான் இறக்கியிருக்கேன். யார்கிட்டக் கேட்டும் அவனை மாத்திக்க ஆள் வரலை. கடைசிச் சரக்கு, மாஸ்டர்.”

“அவன் எதுக்கு ஓடுறான்? தோக்கணும்னு அவன்கிட்டச் சொல்லலையா?”

தவசிமுத்து தலையைச் சொறிந்தார்.

“அவன்கிட்டச் சொல்ல வேண்டியதில்லைன்னு விட்டுட்டேன். சொல்லாமலே தோத்துடுவான்.”



அழகுமலை ஓடினான். விழுந்தான். எழுந்தான். கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தான். ஒன்றுகூட விழவில்லை. அதில் நடிப்பு இல்லை. அவன் எறிந்தால் அப்படித்தான்.

நேரம் முடிந்தபோது ஆளுக்கு எட்டுப் புள்ளி. கூடைப்பந்தில் சமம் என்று வீட்டுக்குப் போகமுடியாது. இன்னும் ஐந்து நிமிஷம் ஆடச் சொன்னார்கள்.

கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. ஒச்சப்பன் போகவில்லை.

“சொல்லு,” என்றார் மாஸ்டர்.

“என்னத்தைச் சொல்ல. நிக்கிறானுக.”

“இல்லையே. இன்னொரு ஜோடி சேர்ந்திருக்கு.”

தவசிமுத்து பார்த்தார். ஜெயசீலன் ஓடிக்கொண்டிருந்தான். அழகுமலை கீழே விழுந்து தள்ளிவிட்ட பந்தை வெளியே போகாமல் தாவிப் பிடித்திருந்தான். பிடித்தபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தவசிமுத்துவைத் திரும்பிப் பார்த்தான்.

தவசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப யார்கிட்ட?”

“ஜெயசீலன்கிட்ட. பந்தைக் கையிலயே வச்சிருக்கான்... கொடுத்துட்டான், மாஸ்டர். அழகுகிட்டக் கொடுத்துட்டான். அழகு கூடைக்குக் கீழே நிக்கிறான். சுத்தி ஆளே இல்லை. ஐயோ, முழங்கை வெளியே போகுது. எப்பவும் இதே தப்பு. எத்தனை தடவை...”

மாஸ்டர் கை நீட்டிப் பக்கத்தைத் தடவினார். நாற்காலி காலியாக இருந்தது.

“முழங்கையை உள்ளே வை! பலகையைப் பாரு! அவசரப்படாதேடா!”

கோட்டோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

அதே நேரம் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு குரல் கிளம்பியது.

“கையைத் தூக்குங்கடா! விடாதீங்கடா அவனை!”

கீழவாசல்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாரமெல்லாம் கையை இறக்கு என்று சொன்ன குரல் அது. திரும்பி ராயப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பந்து பலகையில் பட்டது. வளையத்தின் விளிம்பில் யோசித்துக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தது. உள்ளே விழுந்தது.

நீண்ட விசில். ஐந்து நிமிஷமும் முடிந்திருந்தது.

அழகுமலை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெயசீலன் அவனை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். பழைய ஆட்களெல்லாம் ஓடிவந்து மேலே விழுந்தார்கள்.

தவசிமுத்து மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒச்சப்பன் போயிட்டான், மாஸ்டர். கீழவாசலுக்கு.”

“ம்.”

“கையில வந்ததை நானே விட்டுட்டேன்.”

“ராயப்பன் சிரிக்கிறானா?”

தவசிமுத்து தயங்கினார். பிறகு, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார்.

ராயப்பன் தன் கேப்டனின் பனியனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். “ஒருத்தன், ஒரே ஒருத்தன் கையைத் தூக்கியிருக்கக்கூடாதா? அழகுமலைடா அவன்! அழகுமலை போட்டுட்டுப் போறான்!” என்று கத்தினான். பிறகு பெஞ்சில் சரிந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். யாரோ பக்கத்தில் போய் ஒச்சப்பனைக் காட்டினார்கள். அவன் துண்டை எடுக்கவில்லை.

தவசிமுத்து வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு தவசி. சிரிக்கிறானா?”

“இல்லை, மாஸ்டர்,” என்றார். “ராயப்பன் தோத்துட்டான்.”