துளையில்லாத டிரம்பெட்

ஊதுகிற ஆள் அதே ஆள். ஊதுகிற பாட்டும் அதே பாட்டு. குழல் மட்டும் புதுசு. பாட்டு கெட்டுப்போனால் பழி யார் தலையில் விழும், சொல்லுங்கள் பார்ப்போம்?

சந்தியாகு குழலின் தலையில்தான் போட்டார். பளபளவென்ற புது டிரம்பெட் ஒரு கையில், பச்சை பூத்த பழசு மறு கையில். அப்படியே எமில்டா மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டரம்மா, இந்தச் சனியனைத் திருப்பி எடுத்துக்கிடுங்க."

உள்ளே தொட்டிலில் பிள்ளை வீரிட்டது.

எமில்டா அவரைவிட இருபது வயது இளையவள். கோயில் பேண்டுக்கு மாஸ்டராக இருந்த அப்பா போனபின் அந்த இடத்துக்கு வந்தவள். மடியில் பேண்டுச் சட்டை, அறுந்த பித்தான். ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்துபோய்த் தொட்டிலை ஆட்டினாள்.

சந்தியாகு விடவில்லை. டிரம்பெட்காரர் நாலு பேருக்கும் பங்குச் சாமியார் புதுசு வாங்கிக் கொடுத்தாராம். மூணு பேருக்கு அது பாடுகிறதாம், இவருக்கு மட்டும் அலறுகிறதாம். ஒத்திகையில் பக்கத்தில் நின்றவன் காதைப் பொத்திக்கொண்டு, "ஓய், சப்பரம் நம்ம தெருவுலதான் வருது, இலங்கைக்குப் போகல" என்றானாம். ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கு இவர் கையில் தாளத்தைக் கொடுத்துக் கடைசி வரிசையில் தள்ளப்போகிறார்களாம்.

டிரம்பெட் வரிசையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் நாலு வார்த்தை பேசினால் அவன் வேறு சீட்டு பார்த்துப் போய்விடுகிறான். டீக்கடையில், "காது கேக்குது பெரியவரே" என்கிறார்கள். ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பிள்ளை கண்ணயர்ந்தது. எமில்டா முற்றத்துக்கு வந்தாள்.

"பழசை ஊதுங்கண்ணே."

ஊதினார். சப்பரம் கோயிலை விட்டு இறங்கும்போது வாசிக்கிற பாட்டு. தேனாக இறங்கியது.

தொட்டில் அசையவில்லை. பேண்டு வீட்டுப் பிள்ளை அது. பேச்சுக்கு முழிக்கும், டிரம்பெட்டுக்கு முழிக்காது.

எமில்டா ஊசியிலிருந்த நூலை உருவி, குழலின் வளைவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பிடித்தாள். உப்புக்காற்று அரித்த துளை அங்கே இருந்தது. எத்தனையோ தடவை அவர் சோப்பு வைத்து அடைத்த துளை.

நூல் பட்டத்து வால்போலத் துடித்தது.

"பாதி மூச்சு இதுலயே போயிருது" என்றாள். "இப்போ புதுசை ஊதுங்க."

அலறியது. கூரையிலிருந்த காகம் எழுந்து பறந்தது.

நூல் அசையாமல் தொங்கியது.

சந்தியாகு நூலையே பார்த்தார். "அப்போ மூச்சைக் குறைக்கணும்" என்றார்.

"குறைங்க."

குறைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. இன்னும் ஒருதரம் ஊதினார். பழைய அலறல்.

"முப்பது வருசம் மாஸ்டரம்மா. தானா வருது. அள்ளிக் கொடுத்தே பழகிப்போச்சு."

உள்ளே பிள்ளை சிணுங்கியது.

எமில்டா நூலை விரலில் சுற்றினாள். "மைனிக்கு எத்தனை வருசமாண்ணே காது கேக்காம இருந்துச்சு?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான மூணாம் வருஷம், பெண்டாட்டியின் காது காய்ச்சலோடு போனது என்றார். அதன் பிறகு ஊரே அவளிடம் கையால்தான் பேசியது. பெற்ற தாய்கூட. இவர் ஒருத்தர்தான் கடைசிவரை வாயால் பேசினார்.

"என் சத்தம் மட்டும் அவளுக்கு எட்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, எங்கே நின்னாலும் திரும்பிருவா."

போன தவசுகாலத்தில் அவளை அடக்கம் பண்ணினார்கள். அன்றைக்கும் கூப்பிட்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

அதன் பிறகு அந்தப் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப ஆள் இல்லையே.

தொட்டிலில் பிள்ளை அழுதேவிட்டது. எமில்டா உள்ளே போய்த் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை அடங்கி, மூச்சு சீராகி, குட்டிக் கை அவள் முதுகில் தொய்ந்து விழுந்தது. அப்படியே தோளில் சுமந்துகொண்டு வந்து, சந்தியாகுவின் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள்.

அவர் கையிலிருந்த புது டிரம்பெட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, மைனி பேரை ஒருதரம் சொல்லுங்க. பிள்ளை முழிக்காம."